வேலி பிடுங்கிய முறைப்பாடும் வளவின் சொந்தக்காரியும்: மட்டக்களப்பில் ஒரு மத்தியஸ்த நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரே வளவுக்குள் (வீடும் அதைச் சுற்றிய காணியும்) இருந்த இரண்டு சகோதரிகளின் குடும்பங்களுக்கு இடையே வந்த பிணக்கு இது. பொலிஸில் அடிதடி முறைப்பாடாகத் தொடங்கி, பிணக்குகளைப் பேசி இணக்கும் மத்தியஸ்த சபைக்கு வந்து, பெரும்பகுதி இணக்கமாகி, ஒரு பகுதி இன்னும் தீராமல் இருக்கிறது. அந்த அமர்வுகளில் இருந்த மூன்று மத்தியஸ்தர்களில் நான் ஒருவன். சபையில் பேசப்படுவது வெளியே போகக்கூடாது, அங்கே சொன்னதை நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது, அந்த நம்பிக்கையில்தான் சனங்கள் வாய் திறக்கிறார்கள். அதனால் இரண்டு குடும்பத்தாரிடமும் தாயிடமும் கேட்டு, அவர்கள் ஓம் என்ற பிறகே எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய அளவுகளையும் சில விபரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

தாய் எழுபதைத் தாண்டியவர். தகப்பன் பாரிசவாதத்தில் கிடந்து சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். மூத்த மகள், அடுத்து ஒரு மகன், கடைசி மகள் என்று மூன்று பிள்ளைகள். சொத்து என்று இருப்பது இரண்டு: 40 பேர்ச்சஸ் (கால் ஏக்கர்) வளவு ஒன்று, ஊருக்கு வெளியே வட்டையில் (வயல்வெளியில்) 3 ஏக்கர் வயல். வளவு, தாய்க்கு அவருடைய தாய் சீதனமாக உறுதி (காணிப் பத்திரம்) எழுதிக் கொடுத்தது. வயல், தகப்பன் உழைத்து வாங்கியது, உறுதி அவர் பெயரில்.

எங்கள் பக்கத்து வழமை மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்குத் தெரியும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் தாய் தகப்பன் முன் வீட்டை விட்டுப் பின்பக்கத்துக்கு ஒதுங்குவார்கள். இந்த வீட்டிலும் அப்படித்தான். மூத்தவளுக்குக் கலியாணம் பேசும்போது கோயில் பெரியவர்கள் முன்னிலையில் "வளவு முழுக்க மகளுக்குத்தான்" என்று தகப்பன் வாயால் சொன்னார். எழுதவில்லை. 2019 இல் இளையவளுக்குப் பேசும்போது வளவின் பின்பாதியும் வயலில் ஒன்றரை ஏக்கரும் என்று தாய்மாமன் வாயால் சொன்னார். அதையும் எழுதவில்லை. ஒரே காணி இரண்டு தடவை வாயால் கொடுக்கப்பட்டுவிட்டது.

மகன் கட்டாருக்குப் போனவர். ஏஜென்சிக்குக் கட்டத் தகப்பன் வயலை ஈடு வைத்தார், மகன் உழைத்து அனுப்பி ஈட்டை மீட்டார், பிறகு அவர் அனுப்பிய காசில் மண்வீடு இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது. அதில் மூத்த அக்கா குடும்பம் இருக்கிறது. அவர் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போகப்போகிறவர், அதனால் வீடு தனக்கு வேண்டும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் தன் காசு இரண்டு அக்கா தங்கைக்கும் பொதுவாகப் போனதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் இது பற்றிப் பல கதை இருக்கிறது. தாய்வழியில் சொத்து இறங்கிய பழைய முக்குவர் சட்டம் மட்டக்களப்பில் இன்று நடைமுறையில் இல்லை. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அது போய்விட்டது. யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையும் எங்களுக்குப் பொருந்தாது. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவருடைய சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் சமமாக. ஆகவே 3 ஏக்கர் வயலில் ஒன்றரை ஏக்கர் தாயுடையது, மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அரை ஏக்கர். காணி கைமாற நொத்தாரிசு முன்னால் எழுதிய உறுதி வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆகவே வாயால் கொடுத்த வளவு கொடுக்கப்படவே இல்லை. அது முழுக்க இன்னும் தாயுடையது. முறைப்பாடு எங்களிடம் வந்த நாளில் இந்த ஒரு விஷயம் அந்தக் குடும்பத்தில் யாருடைய வாயிலும் இல்லை.

முறைப்பாடு வந்த விதம்

2024 ஆரம்பத்தில் இளையவளின் கணவர், அவர் மேசன் வேலை செய்பவர், வளவுக்குக் குறுக்கே கட்டை நட்டுக் கம்பி இழுத்தார். வளவுக்குள் ஒரேயொரு கிணறு. அது வேலிக்குப் பின்பக்கம் விழுந்துவிட்டது. மூத்தவளின் கணவர் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தார். வாய்ச்சண்டை கைகலப்பாகி, மண்வெட்டிப் பிடியால் விழுந்த அடியில் இளையவளின் கணவருக்குக் கையில் காயம். இரண்டு பக்கமும் பொலிஸில் முறைப்பாடு. சிறு காயமும் சொத்துக்குச் சேதம் விளைவித்ததும் என்பதால் பொலிஸ் அதை மத்தியஸ்த சபைக்கு அனுப்பியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தவை இந்தச் சபைகள், 1990 இலிருந்து இயங்குகின்றன. 1958 இல் வந்து 1978 இல் இல்லாமல் போன இணக்க சபைகளை நினைவில் வைத்திருக்கிற மூத்தவர்கள் இதையும் இணக்க சபை என்றே சொல்வார்கள். வார இறுதியில் பாடசாலையிலோ பொது மண்டபத்திலோ கூடும். மத்தியஸ்தர்கள் பயிற்சி பெற்ற ஊர்க்காரர், சம்பளம் இல்லை. குழுவிலிருந்து ஒவ்வொரு தரப்பும் ஒருவரைத் தெரிவு செய்யும், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். வழக்கறிஞர் ஒரு தரப்புக்காக வந்து பேச முடியாது. நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, சொல்ல அதிகாரமும் இல்லை. இணக்கம் வந்தால் அதை எழுதிச் சான்றிதழ் கொடுப்போம், வராவிட்டால் இணக்கம் இல்லை என்று சான்றிதழ் கொடுப்போம், அதோடு அவர்கள் நீதிமன்றம் போகலாம்.

இந்த அமர்வில் என்னோடு இருந்தவர்கள் ஒரு ஓய்வுபெற்ற மிட்வைப் அக்கா, கூட்டுறவுச் சங்கத்தில் நீண்டகாலம் முகாமையாளராக இருந்த ஒருவர்.

முதல் அமர்வு: கண்டதும் கேட்டதும்

வந்திருந்தவர்கள் இரண்டு மருமகன்மாரும் அவர்களுடைய மனைவிமாரும். தாயும் வந்திருந்தார், வகுப்பறைக்கு வெளியே விறாந்தையில் பிள்ளைகளின் வாங்கில் இருந்தார். முறைப்பாட்டில் அவருடைய பெயர் இல்லை, அதனால் யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

முதல் அரை மணித்தியாலம் அடியைப் பற்றியே போனது. யார் முதல் கை வைத்தது, யார் எந்தக் கெட்ட வார்த்தை சொன்னது. இடைமறிக்காமல் விட்டோம். ஆறிய பிறகுதான் மற்றது வெளியே வந்தது. மூத்தவள் சொன்னது: அப்பா கிடையில் கிடந்த காலம் முழுக்க நான் பார்த்தேன், இப்ப அம்மாவையும் நான்தான் பார்க்கிறேன், வளவு முழுக்க எனக்கு என்று கோயில் பெரியவர்களுக்கு முன்னால் வைத்துச் சொன்னது. அவருடைய கணவர் வயலை ஒற்றையாளாகச் செய்தவர். 2021 இல் இரசாயனப் பசளையை நிறுத்திய பிறகு வந்த பெரும்போகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) விளைச்சல் விழுந்து, மனைவியின் நகையை அடகு வைத்ததை அவர் சொல்லும்போது குரல் மாறியது. "வயலில நான் நட்டப்பட்டதுக்கு எவன் பங்கு கேட்டு வந்தவன் சேர்?" என்றார். நியாயமான கேள்வி.

இளையவள் அதிகம் கதைக்கவில்லை. பின்வளவில் தகரக் கூரையோடு ஒரு அறையும் குசினியும் கட்ட நுண்கடன் எடுத்திருக்கிறார், அதை அடைக்க இன்னொரு கடன். கிழமைக்கு ஒருக்கால் கடன்காரர் வீட்டு வாசலுக்கு வருகிறார். காணிக்குக் கடதாசி இல்லாததால் வங்கியில் வீட்டுக்கடனும் இல்லை, வீட்டுத் திட்டத்திலும் பெயர் வரவில்லை. வேலி போட்டது ஏன் என்று அவரிடம் தனியாகக் கேட்டபோதுதான் இது தெரிந்தது. தன் பக்கம் இது என்று காட்ட ஏதாவது ஒன்று இருந்தால் ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் தருவார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவரைத் தனியாகக் கதைக்க வைத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அடிதடி என்று வருகிற குடும்பங்களில் வீட்டுக்குள்ளும் அடி இருக்கிறதா என்று மிட்வைப் அக்கா எப்போதும் பெண்களைத் தனியே வைத்துக் கேட்பார். கணவனுக்குப் பயந்து இருக்கிற ஒரு பெண்ணை மேசைக்கு முன்னால் இருத்தி "இணங்கிப் போங்கள்" என்று சொல்வது மத்தியஸ்தம் ஆகாது, அதற்கு 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கும் வழி இருக்கிறது. இந்த வீட்டில் அப்படி இல்லை என்று இருவருமே சொன்னார்கள், அக்காவும் அதை நம்பினார்.

முதல் முடிவு: அன்றைக்கே முடிக்காமல் விட்டது

அன்று மத்தியானத்துக்குள் இந்த முறைப்பாட்டை மூடியிருக்கலாம். இரண்டு மருமகன்மாரும் களைத்துப்போயிருந்தார்கள், மன்னிப்புக் கேட்கத் தயார், வைத்தியச் செலவைக் கொடுக்கவும் தயார். சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் எங்கள் பதிவேட்டில் ஒரு இணக்கம் கூடியிருக்கும். ஆனால் கிணறு அங்கேயே இருக்கிறது, கடன்காரர் அடுத்த கிழமையும் வருவார், பெரும்போகம் வந்தால் வயல் கதை மறுபடி வரும். அப்படி அவசரமாக மூடிய பிணக்குகள் அடுத்த தடவை வரும்போது கத்தியோடு வருவதைப் பார்த்த மூத்த மத்தியஸ்தர்கள் எங்கள் சபையில் இருக்கிறார்கள்.

ஆகவே மூவரும் கதைத்து, இடைக்கால ஏற்பாடு ஒன்றை மட்டும் எழுதினோம். கிணறு இரண்டு வீட்டுக்கும் திறந்து இருக்கும், வேலிக்கட்டை யாரும் நடுவதும் இல்லை பிடுங்குவதும் இல்லை, மருமகன்மார் இருவரும் வளவுக்குள் குடித்துவிட்டுச் சத்தம் போடுவதில்லை. அடுத்த அமர்வுக்கு வளவு, வயல் உறுதிகளின் பிரதியும் தகப்பனின் மரணச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும், மூலப் பிரதி இல்லாவிட்டால் மட்டக்களப்பு காணிப் பதிவகத்தில் எடுக்கலாம் என்று சொன்னோம். தாயையும் ஒரு தரப்பாகச் சேர்ப்பது என்று தீர்மானித்தோம். அதற்கு மூத்த மருமகன் முகம் சுளித்தார், "அவ வயசான ஆள், அவவ ஏன் இழுக்கிற" என்றார். மறுக்கவில்லை.

தாயோடு தனியே

அடுத்த அமர்வு தொடங்க முன்னர் தாயை நானும் மிட்வைப் அக்காவும் பக்கத்து வகுப்பறையில் வைத்துச் சந்தித்தோம். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. அக்கா பக்கத்தில் போய் இருந்து, முழங்கால் நோவுக்கு என்ன மருந்து குடிக்கிறா என்று கேட்டுத் தொடங்கினார். பிறகு வந்தது.

"என்னட்ட ஒருத்தரும் கேட்கல்ல புள்ள. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்."

என்ன சொல்லியிருப்பீர்கள் அம்மா என்று கேட்டேன். பின்வளவு சின்னவளுக்கு வேணும், அவள் தகரத்துக்குள் கிடக்கிறாள். முன் வீட்டில் தனக்கு இருக்கிற அறை சாகும்வரை தனக்கு இருக்க வேணும். வயல் நெல்லில் மருந்துச் செலவுக்காவது ஏதாவது தன் கையில் வர வேணும், ஒவ்வொரு தடவையும் மகளிடம் கை நீட்ட வெட்கமாக இருக்கிறது. மகன் அனுப்புவது மூத்தவளின் கணக்குக்குத்தான் வருகிறது. இவ்வளவும் சொன்னார், ஆனால் அடுத்த வசனம் "இதெல்லாம் நான் சொன்னனெண்டு அவளுக்குச் சொல்லிப்போடாதிங்க" என்பது. அவர் மூன்று வேளையும் சாப்பிடுவது மூத்த மகள் கையால்.

இந்த இடத்தில்தான் இந்த வழக்கு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு மருமகன்மார் அடிபட்டுக்கொண்டிருந்த காணியின் சொந்தக்காரி, அந்தக் காணியில் ஒரு வேளைச் சோற்றுக்குப் பயந்து வாய் மூடியிருந்தார். சீதனம் கொடுத்த தாயை, கொடுத்த அன்றோடு ஒன்றும் இல்லாதவராகப் பார்க்கிற பழக்கம் எங்கள் ஊர்களில் ஆழமாக இருக்கிறது. உறுதி எழுதாத வீடுகளில்கூட அப்படித்தான். மூத்த மகள் கெட்டவர் என்று இல்லை, அம்மாவை நன்றாகவே பார்த்தார். கேட்க வேண்டும் என்ற எண்ணம்தான் அங்கே யாருக்கும் வந்திருக்கவில்லை.

இரண்டாவது முடிவு: கடதாசியைப் பேசவைத்தது

தாய் சொன்னதைச் சொல்ல முடியாது, சொல்லாமலும் விட முடியாது. அவரிடமே எதைச் சொல்லலாம் என்று கேட்டோம். "உறுதியில இருக்கிறத வாசியுங்க" என்றார். அந்த யோசனை அவருடையது, எங்களுடையது இல்லை என்பதைப் பதிந்து வைக்கிறேன்.

எல்லோரையும் ஒன்றாக இருத்தி, மூன்றாவது மத்தியஸ்தர் வளவு உறுதியை உரத்து வாசித்தார். யாருடைய பெயரில், எந்த வருடம், எல்லை எது எது. வாசித்து முடித்து "இதுக்குப் பிறகு இந்தக் காணிக்கு வேறு உறுதி யாரிட்டயாவது இருக்கா?" என்று மட்டும் கேட்டார். ஒருவரிடமும் இல்லை. தாய் ஒன்றும் கோரவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை, ஆனால் அந்த நிமிடத்திலிருந்து கதை அவரைப் பார்த்துத் திரும்பியது. இளையவள் முதல் தடவையாக "அம்மா, உங்கட விருப்பம் என்ன?" என்று நேரடியாகக் கேட்டார்.

மூத்த மருமகன் விடவில்லை. "பத்து வருசத்துக்கு மேல நாங்க இருக்கிறம், ஆட்சி எங்களுக்குத்தான்" என்றார். ஊரில் எல்லோரும் சொல்கிற கதை இது. சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து வருடம் காணியை ஆண்டால் உரிமை வரும் என்று சட்டம் இருப்பது உண்மை, ஆனால் சொந்தக்காரரின் சம்மதத்தோடு, அதுவும் சொந்தத் தாயோடு ஒரே வீட்டில் இருப்பது எதிரான ஆட்சியாக எளிதில் ஆகாது. இதை நாங்கள் ஒரு தரப்புக்கு எதிராகச் சொன்னால் நடுநிலை போய்விடும். அமர்வை ஒத்திவைத்து, இரண்டு பக்கமும் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் தனித்தனியாக ஆலோசனை எடுத்து வாருங்கள் என்றோம். அவர் போனார். திரும்பி வந்தபோது ஆட்சிக் கதையை எடுக்கவில்லை. அங்கே அவருக்கு என்ன சொன்னார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

கட்டாரில் இருந்த மகனை வாட்ஸ்அப் அழைப்பில் எடுத்தோம். வயலில் அவருக்கும் பங்கு இருப்பதால் அவர் இல்லாமல் எழுதுகிற எதுவும் நிற்காது. முதலில் கோபப்பட்டார், கல்வீட்டுக்குத் தான் அனுப்பிய காசுக்கு அக்கா கணக்குக் காட்ட வேண்டும் என்றார். மூத்தவள் அழுதுகொண்டு, அந்தக் காசில் பாதி அப்பாவின் வைத்தியத்துக்குப் போனது என்றார். அந்த இடத்தில் அமர்வு உடைந்துபோகும் போல இருந்தது. இந்தக் காசுக் கணக்கை இன்றைய பேச்சிலிருந்து பிரித்து வைக்கலாமா என்று கேட்டோம். அதை விட்டுக்கொடுத்ததாக எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு மகன் சம்மதித்தார்.

இணக்கம்

அதற்குப் பிறகு பேச்சு வேகமாகப் போனது. முறைப்பாடுகளை இரண்டு பக்கமும் கைவிடுவது, காயத்துக்கான செலவை மூத்த மருமகன் கொடுப்பது, இருவரும் தாய்க்கு முன்னால் மன்னிப்புக் கேட்பது என்பன உடனே முடிந்தன.

வளவில் முன்பக்கம் 24 பேர்ச்சஸும் கல்வீடும் மூத்தவளுக்கு, பின்பக்கம் 16 பேர்ச்சஸ் இளையவளுக்கு, இரண்டையும் தாய் நன்கொடை உறுதியாக எழுதுவார். முன் வீட்டு உறுதியில் தாயின் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அனுபவிக்கிற உரிமை, இருக்கும். கிணறும் கிணற்றுக்குப் போகும் பாதையும் பொது. சேர்வேயர் செலவு இரண்டு வீட்டுக்கும் பாதிப்பாதி. வயலில் தாய் தன் ஒன்றரை ஏக்கரைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார், மூத்த மருமகன் அதைத் தொடர்ந்து செய்து போகத்துக்கு 10 மூடை நெல் அல்லது அன்றைய விலைக்குக் காசு தாயின் கையில் கொடுப்பார். மகன் தன் அரை ஏக்கரைத் தங்கைக்கு எழுதுவார், தூதரகத்தில் ஒப்பமிட்ட அற்றோர்ணித் தத்துவம் (தனக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) அனுப்பி.

24க்கு 16 என்ற பிரிப்பு சமமில்லை என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. இளையவளை மறுபடி தனியே வைத்துக் கேட்டோம், யாரும் நெருக்கினார்களா என்று. வங்கிக்குக் காட்ட ஒரு உறுதி கிடைத்தால் போதும், அக்கா அம்மாவைப் பார்க்கிறாள்தானே என்றார். வயலில் அண்ணனின் பங்கோடு தனக்கு ஒரு ஏக்கர் வருவதையும் அவர் கணக்கில் எடுத்திருந்தார். அது அவருடைய முடிவு, அதை மாற்றுவது எங்கள் வேலை இல்லை.

ஒன்றை அழுத்திச் சொன்னோம்: சபை கொடுக்கிற சான்றிதழால் காணி கைமாறாது. அது உடன்பட்டதற்கு எழுத்து. காணி மாற நொத்தாரிசிடம் போக வேண்டும். அதனால் எந்த மாதத்துக்குள் அளப்பது, எந்த மாதத்துக்குள் எழுதுவது, செலவு யார் என்பதையும் இணக்கத்துக்குள்ளேயே எழுதினோம்.

பிறகு நடந்தது

பின்வளவு உறுதி சொன்ன காலத்துக்குள் எழுதப்பட்டது. இளையவள் அதை வைத்து வங்கியில் கடன் எடுத்து, கிழமைக் கடன்களில் பெரியதை அடைத்தார். முன் வீட்டு உறுதி இழுபட்டது. சீவிய உரித்து இருந்தால் வீட்டை வைத்துக் கடன் எடுக்க முடியாது என்பது மூத்த மருமகனின் கவலை. அது உண்மையான கவலைதான், ஆனால் சீவிய உரித்து இல்லாமல் எழுத தாய் இந்தத் தடவை மறுத்துவிட்டார். வாய் திறந்து, மகளுக்கு முன்னாலேயே. சில மாதம் கழித்து அவர் கேட்டபடியே எழுதினார்கள்.

நெல்தான் சிக்கலானது. இணக்கத்துக்குப் பிறகு வந்த முதல் பெரும்போகம் 2024/25. நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களை மூடியதில் இவர்களுடைய பயிரும் அழுகியது. மறு விதைப்பில் கிடைத்தது கொஞ்சம். 10 மூடை கொடுக்க முடியவில்லை, தாயும் கேட்கவில்லை, ஆனால் இளையவளின் கணவர் "எழுதினதைக் குடுக்கட்டும்" என்று தொடங்கி மறுபடி சத்தம் வந்தது. இந்தத் தடவை பொலிஸுக்குப் போகவில்லை. மூத்த மகளே சபைக்கு வந்து சொன்னார். ஒரே அமர்வில், வெள்ளம் வறட்சியால் விளைச்சல் பாதிக்குக் கீழே போனால் விளைந்ததில் நாலில் ஒன்று என்று சேர்த்து எழுதினோம்.

கல்வீட்டுக் காசுக் கணக்கு தீரவில்லை. மகனும் மூத்த அக்காவும் போனில் கதைக்கிறார்கள், அந்தக் கதையை மட்டும் எடுப்பதில்லை.

மாற வேண்டியவை

முதலாவது, முறைப்பாட்டில் பெயர் இருப்பவர்களை மட்டும் கூப்பிடுவது. காணி சம்பந்தப்பட்ட எந்த அடிதடியிலும் உறுதியில் யாருடைய பெயர் என்பதை முதல் நாளே கேட்டு, அவர் உயிரோடு இருந்தால் அவரையும் உள்ளே இருத்த வேண்டும். எங்கள் குழுவில் இப்போது அழைப்பு அனுப்பும்போதே உறுதிப் பிரதியும் கொண்டுவரச் சொல்கிறோம். உறுதிக் காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த ஒப்பக் காணியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஒப்பக் காணி என்றால் குடும்பம் தாங்களாக எழுதிப் பிரிக்க முடியாது, பிரதேச செயலகம் போயாக வேண்டும், அதைத் தெரியாமல் இணக்கம் எழுதினால் அந்தக் கடதாசி எதற்கும் உதவாது.

வயலில் இருந்து நெல்லோ காசோ கொடுப்பதாக எழுதும் எந்த இணக்கத்திலும் பயிர் அழிந்தால் என்ன என்பது இருக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வெள்ளம் புதினம் இல்லை.

பெண் மத்தியஸ்தர்கள் கூட வேண்டும். அந்தத் தாய் என்னிடம் மட்டும் இருந்திருந்தால் முழங்கால் நோவைப் பற்றிக்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், மிட்வைப்மார், மாதர் சங்கங்களில் இருந்த பெண்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள், அவர்களின் பெயர்களை அமைப்புகள் முன்மொழிய வேண்டும், வீட்டுக்காரர் தடுக்கக் கூடாது.

வயதான பெற்றோரைப் பற்றி இன்னொன்று. பிள்ளைகள் பார்க்காமல் விட்டால் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மூத்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பராமரிப்புக் கேட்க வழி இருக்கிறது. இந்தத் தாய்க்கு அது தேவைப்படவில்லை, ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. தனியாகப் பேசும் நேரத்தில் மத்தியஸ்தர் இதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

மகன் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வீட்டுக் காசு பற்றிக் கதைக்க ஒரு அமர்வு கேட்டிருக்கிறார். அனுப்பிய ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம், மூத்தவளிடம் வைத்தியச் செலவுத் துண்டுகள் எது மிஞ்சியிருக்கிறதோ அதைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறோம். தாயும் அன்று வருவார்.